மீட்டும் படித்தலும் மீட்டும் ஆடுதலும்

இளமையில் விரும்பிப் படித்த நூலொன்றை நரை கண்ட பின்னர் மீட்டும் எடுத்துப் படிப்பவரைக் காணின், "படித்ததையே படிப்பதனால் வரும் பயன் யாது?" என வினவுவோர் உளர். சிறுபராயத்தில் ஆடிய விளையாட்டொன்றை நாற்பது வயதைக் கடந்தவர் ஆடப்புகின் அவ்வினா நகைப்பாகவே மாறிவிடும். பெற்றோராகவும் உத்தியோகத்தராகவும் வயலுக்குடையோராகவும் விளங்கும் நம் பழைய மாணவர் பலர், பழைய சித்திரக் கதைப் புத்தகத்தைத் தலையணையின் கீழ் மறைத்துவைத்தே படிக்கின்றனர் என்பதை யாம் அறிவோம். கைத்தொலைபேசியிற் பழைய ஆட்டமொன்றை ஆடிக்கொண்டிருக்கையில் பிள்ளை வந்துவிட்டால், செய்தி பார்ப்பவர்போல் முகத்தை மாற்றிக்கொள்வோரும் உளர். நாணத்தக்க செயலன்று இது. ஆயின், நூலுக்கு மீளுதலும் விளையாட்டுக்கு மீளுதலும் ஒரே தன்மையன அல்ல. ஒன்றில் உள்ளம் மீளுகின்றது. மற்றொன்றிற் கையும் கூடவே மீளுகின்றது. இவ்வேறுபாட்டை நம் ஊர்ச் செய்திகளை முன்வைத்தே ஆராய்தல் இங்குக் கருதப்பட்டது.

முதற்கண், அறிந்த கதைக்கு மீளுதல் மட்டக்களப்பு மக்களுக்குப் புதியதொன்றன்று. வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயில்களிற் சடங்கு தொடங்கும். காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலும், வாவியின் மேற்கே படுவான்கரையிலுள்ள ஊர்களிலும் கண்ணகி வழக்குரை காதை காதையாகப் படிக்கப்பெற்று, ஈற்றிற் குளிர்த்தி பாடப்பெறும். கோவலன் கொலையுண்பான், மதுரை எரியும் என்பதை அறியாத ஒருவரும் அக்கூட்டத்தில் இரார். பாட்டியர் சென்ற ஆண்டும் கேட்டனர். அதற்கு முந்திய ஆண்டும் கேட்டனர். ஆயினும் கொலைக்களத்துப் பகுதி வந்ததும் கண்ணீர் விடுவர். திரௌபதையம்மன் கோயில்களிற் பாரதம் படித்தலும் இத்தகையதே. கூத்துக் களரிக்கு விடியும்வரை காத்திருப்போரும் முடிவறியாது காத்திருப்போர் அல்லர். "அடுத்து என்ன நிகழும்?" என்னும் அவா அடங்கிய பின்னரே, "இது எவ்வாறு நிகழ்கின்றது?" என்று நோக்கும் அமைதி பிறக்கின்றது. முதன்முறை படிப்பவன் வழிப்போக்கன். மறுமுறை படிப்பவன் அவ்வூர்க்குடி. ஏட்டிலிருந்த இவ்வழக்குரையை வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் அச்சேற்றினார்கள். அச்சுப்புத்தகம் கைக்கு வந்தபின்னும் கோயிலிற் சென்று கேட்கும் வழக்கம் ஒழிந்திலது. கதையை அறிவதற்காக மட்டும் மக்கள் கேட்டிருப்பின் அது 1968உடன் நின்றிருத்தல் வேண்டும்.

நம் கொக்கட்டிச்சோலையிலேயே இதற்கு இன்னுமொரு சான்று உண்டு. தான்தோன்றீசுரர் கோயிலின் கல்நந்தி புல்லுண்ட கதையை இப்பகுதியிற் பிறந்த எவரும் பாட்டியின் மடியிலேயே கேட்டிருப்பர். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தலைவன், "உங்கள் கல்மாடு புல் தின்னுமோ?" என ஏளனஞ் செய்ய, நந்தி கழுத்தை அசைத்து எழுந்து புல்லைத் தின்றதென்றும், வந்தோர் அஞ்சி ஓடினரென்றும் ஐதிகம் கூறும். குழந்தைக்கு இக்கதையில் வேண்டுவது ஒன்றே: கல்மாடு உண்மையாகவே எழுந்ததா? புல் எவ்வளவு தின்றது? அடுத்த நாட் கோயிலுக்குச் சென்று நந்தியின் வாயை உற்றுநோக்காத சிறுவன் நம்மூரில் இல்லை. அதே மனிதன் ஐம்பது வயதில் அதே கதையைக் கேட்கும்போது பறங்கியர் காலம் அவன் முன்னே எழுகின்றது. போர்த்துக்கேயர் 1620களிற் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்ததும், 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியதும், பத்தாண்டுக்குள் 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்ததும் நினைவில் வரும். வாளும் பீரங்கியும் இல்லாத ஓர் ஊர், கடலோரத்தில் இடிந்த கோயில்களைக் கண்டும் கேட்டும், தன் கோயில் எஞ்சியதற்கு ஒரு காரணம் தேடியது. அத்தேட்டம் ஒரு மாட்டின் வடிவில் நிற்கின்றது. கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்பவன் மாறியிருக்கின்றான். அச்சுறுத்தலையும் இழப்பையும் தானே கண்டுவிட்ட படுவான்கரை மனிதனுக்கு அக்கதை குழந்தைக் கதையாக ஒருபோதும் மீள்வதில்லை.

இனி அச்சுநூல்களுக்கு வருவோம். நம் தலைமுறையினர் இளமையிற் படித்தவற்றுள் 'அம்புலிமாமா'வை முதலிற் கூறல் வேண்டும். 1947 யூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய இவ்விதழ் வாவியின் இரு கரைச் சிறுவரையும் வேதாளத்தின் பின்னே அலையவைத்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை அறிமுகஞ் செய்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் இவை கிடைத்தற்கு அரியனவாயின. அருமையே அவற்றின் சுவையைப் பெருக்கியதென்பது எமது எண்ணம். அதே காலத்தில் வீரகேசரிப் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வெளிவந்து, நம்மவர் கதையை நம்மவர் மொழியிற் படிக்கும் வாய்ப்பைத் தந்தன.

ஆயினும், மீட்டும் படித்தலின் இயல்பை விளக்குதற்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னினும் ஏற்றதொன்று இல்லை. 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்த அந்நாவலை, இதழிலிருந்து கிழித்துக் கட்டிய தொகுதியாகப் படித்தோர் நம் கல்லூரியின் மூத்த மாணவருள் உளர்; அச்சுப் பாகங்களாகப் படித்தோர் அடுத்த தலைமுறையினர்; 2022, 2023 ஆம் ஆண்டுகளில் திரைப்படம் கண்டபின் தேடியோர் இன்றைய இளைஞர். பதின்மூன்று வயதிற் படிப்பவன் வந்தியத்தேவனுடைய குதிரையின் மேலே இருக்கின்றான். ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் அப்பயணத்திற் கோடிக்கரையும், நள்ளிரவுப் படகும், ஈழநாட்டுக் காடும் அவனுக்குப் போதும். சுந்தர சோழர் வரும் அதிகாரங்களை அவன் விரைந்து புரட்டிவிடுவான். கால்கள் முடங்கிக் கட்டிலிற் கிடக்கும் கிழவரைப்பற்றி அவனுக்கு என்ன?

ஐம்பது வயதில் அந்நூலைத் திறப்பவன் கட்டிலருகே நின்றுவிடுகின்றான். இளமையில் ஈழத்தருகே ஒரு தீவிற் கண்டு நேசித்த ஊமைப் பெண் இறந்துவிட்டாள் எனக் கருதி, அவளுருவை நள்ளிரவிற் கண்டு நடுங்கும் அம்மன்னன், கழிந்த காலம் மீண்டு வருவதைத் தாங்கமாட்டாது வருந்துகின்றான். நூலின் பெரும்பகுதி இதுவே என்பது அப்பொழுதுதான் விளங்கும். மந்தாகினியின் மௌனமும், முதிர்ந்த வயதில் நந்தினிக்கு அடிமையான பெரிய பழுவேட்டரையரின் அவலமும், பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு எட்டா. அவை அன்றும் அந்நூலில் இருந்தன. வந்தியத்தேவனின் குறும்போ, மறுபடிப்பிற் சற்றே மெலிந்து தோன்றுகின்றது. சில இடங்களில் அவன் தப்புவது கல்கியின் தயவினால் என்பதும் புலனாகின்றது. அதனை அறிந்தும் அவனைக் கைவிட மனம் வருவதில்லை.

இவ்விடத்தில் உளநூலார் கூறும் ஒரு செய்தி கருதத்தக்கது. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெடரிக் பார்ட்லெற் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரைப் படிக்கச் செய்து, காலம் கழித்து அதனை நினைவிலிருந்து எழுதச்செய்த ஆய்வை விரித்துரைத்தார். எழுதினோர் தமக்கு விளங்காத பகுதிகளை விட்டனர், விளங்கியவற்றைத் தம் வழக்கத்துக்கு ஏற்பத் திருத்தினர், ஓடம் படகாயிற்று. நினைவென்பது பெட்டியில் வைத்த பொருளன்று. எடுக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. ஆதலின், முப்பதாண்டு கழித்து நாம் நேசிப்பது அந்நூலை அன்று; நம்முள்ளே நாமே திருத்தி எழுதிய வேறொரு நூலை. மூலத்தைத் திறக்கும்போது, "இந்தப் பகுதி இவ்வளவு சிறிதா? அந்த இறுதிக் காட்சி இதில் இல்லையே!" எனத் திகைக்கின்றோம். இத்திகைப்பே மறுபடிப்பின் முதற்பேறு. நாம் எதனைச் சேர்த்தோம், எதனை விட்டோம் என்பதைக் காட்டும் கண்ணாடி வேறு நமக்கு எங்கே கிடைக்கும்?

பழமைக்கு ஏங்குதலை ஒரு நோயெனவே கருதிய காலமும் உண்டு. 1688இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் யொகானஸ் ஓபர் என்னும் இளைஞர் தமது மருத்துவ ஆய்வேட்டில், தாயகம் நீங்கியோர்க்கு வரும் ஏக்கத்துக்கு, வீடு திரும்பல், நோவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து 'நொஸ்டால்ஜியா' எனப் பெயரிட்டார். அவர் கண்ட மருந்து ஊருக்கு அனுப்பிவிடுதல்! கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலுமே வாழும் நம் பழைய மாணவர்க்கு இம்மருந்து எளிதிற் கிட்டுவதன்று. அவர்தம் பெட்டியில் ஊர் மண்ணுக்குப் பதிலாக ஒரு பழைய புத்தகம் இருப்பின் அதனை எள்ளுதல் அறமாகாது. இக்கால ஆய்வாளர் இவ்வேக்கத்தை நோய் என்னாது, தனிமையைத் தாங்குதற்கு உதவும் மனநிலையென்றே பெரும்பாலும் கொள்கின்றனர். மேலும், முதியோரை வாழ்நாள் நினைவுகளைக் கூறுமாறு கேட்பின், ஏறக்குறையப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மிகுதியாக வரும் என்பதும் பலமுறை காணப்பட்ட உண்மை. கல்லூரிப் பருவத்து நூல்கள் நம்மை விடாது பற்றியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயின், மீளுதற்கு நூல் இருத்தல் வேண்டுமே! பிற நாட்டார் மறுபடிப்பைப்பற்றி எழுதுகையில் இதனைச் சிந்திப்பதில்லை. பாட்டனார் வீட்டு அலுமாரி அங்கேயே இருக்கின்றது. திறக்க வேண்டியதே மிச்சம். மட்டக்களப்பார் நிலை வேறு. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி இம்மாவட்டத்துக் கூரைகளைத் தூக்கி எறிந்தபோது, வீட்டிலிருந்த நூல்கள் மழையிற் கூழாயின. 1987, 1990, 1991 ஆம் ஆண்டுகளின் கொடுமைகளில் உயிரைக் கையிற் பிடித்து ஓடியோர் புத்தகத்தையா எடுத்துச் சென்றனர்? 2004 திசம்பர் 26ஆம் நாட் கடலே எழுவான்கரைக்குள் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை உலகறியும். படுவான்கரை வீடுகளின் பத்துப் பதினைந்து புத்தகங்களுக்குக் கணக்கெழுதியவர் எவரும் இலர். ஆதலின், இளமையிற் படித்த அதே பிரதியை, அட்டையிலே தன் கையெழுத்தும் வகுப்பின் பெயரும் இருக்கும் பிரதியை, நம்மவருள் ஒருவர் இன்று கையிற் கொண்டிருப்பின் அவர் பெரும்பேறுடையார். ஏனையோர் வேறு பிரதியைத் தேடியே மீளவேண்டும். மறுபதிப்பு எழுத்தைத் தரும். ஓரத்திலே அண்ணன் வரைந்த மீசையைத் தராது.

இனி விளையாட்டைப்பற்றிக் கூறுவோம். வளர்ந்தோர் விளையாடலாகாது என்னும் எண்ணம் நம் நாட்டு மரபன்று. கொம்பு முறித்தலை நோக்குக. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமும் நின்று, வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றோர். மழையும் நோய்நீக்கமும் வேண்டி அம்மன் பெயரால் ஆடப்பட்ட இவ்வாட்டத்தில் நரைத்த தலைகளே முன்னின்றன. போர்த்தேங்காய் அடித்தலும் வளர்ந்தோர் ஆட்டமே; வயிரமான ஓட்டுத்தேங்காயைத் தெரிந்தெடுத்தலில் ஆண்டுக்கணக்கான அனுபவம் வேண்டும். இவற்றை 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூலில் வித்துவான் கந்தையா அவர்கள் விரித்து எழுதியுள்ளார்கள். வருடப்பிறப்பன்று கிளித்தட்டு மறிக்கும் தந்தையரை இன்றும் காணலாம். அடுத்த நாள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதையும் காணலாம்.

இவ்வாட்டங்களுக்கு மீளுதற்கு நிலமும் ஆளும் போதும். வீடியோ விளையாட்டின் கதை வேறு. 1889இல் கியோட்டோ நகரிற் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலகமாகத் தொடங்கிய நின்ரெண்டோ நிறுவனம் 1983இல் 'பமிக்கொம்' பெட்டியையும், 1985இல் மரியோவின் ஆட்டத்தையும் வெளியிட்டது. அவற்றின் போலிகள் தெற்காசிய நகரங்களெங்கும் பரவின. ஆயின் படுவான்கரைச் சிற்றூர் பலவற்றுக்கு மின்சாரமே காலந்தாழ்ந்து வந்தது. ஆகவே நம் பகுதிச் சிறுவர் பலர் முதலிற் கண்டது, சிறு பற்றரிகளால் இயங்கும் கைப்பெட்டியில் வீழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டத்தையே. அது 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பசித்நோவ் ஆக்கிய டெட்ரிசின் வழிவந்தது. போர்க்காலத்திற் பற்றரியும் அரும்பொருளாயிற்று. மட்டக்களப்பு நகரில் உறவினர் வீட்டுக்கு மண்முனைத்துறையால் ஓடத்திற் சென்ற சிறுவன், அங்கே அரைமணி நேரம் அப்பெட்டியைக் கையிற் பெற்றுத் திரும்புவான். இரவிற் கண்ணை மூடினாற் கட்டைகள் வீழ்ந்துகொண்டேயிருக்கும். அடுத்த பயணம்வரை அவன் ஆடியது மனத்துள்ளேயே. பின்னர் நொக்கியாக் கைத்தொலைபேசியிற் பாம்பு வந்தது. 1997இல் தோன்றிய அவ்வாட்டம் நம் பக்கத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தியே வந்து சேர்ந்தது.

அச்சிறுவர் இன்று நாற்பதை அண்மியோர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் ஓடத்துக்குக் காத்திருக்கும் தேவையும் அவர்க்கு இல்லை. அன்று அரைமணி நேரமே கிட்டிய ஆட்டம் இன்று சட்டைப்பையிலேயே இருக்கின்றது. அதனைத் திறந்ததும் ஒரு வியப்பு நிகழ்கின்றது: அறிவு மறந்ததைப் பெருவிரல் மறக்கவில்லை! இதற்கும் விளக்கம் உண்டு. 1953இல் அமெரிக்காவில் மூளையிற் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர், புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற் கொள்ளும் ஆற்றலை இழந்தார். கனடிய அறிஞர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் நோக்கி நட்சத்திரம் ஒன்றன் வடிவை வரையச்செய்தார். முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவேயில்லை. எனினும் நாளுக்கு நாள் கை திருந்தியது. நிகழ்ச்சிகளின் நினைவும் கைப்பழக்கத்தின் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளைச் சார்ந்தவை என்பது இதனாற் புலனாயிற்று. வலைவீசுவோனும் சைக்கிள் ஓட்டுவோனும் இதனை முன்பே அறிவர். நூலுக்கு மீளுபவன் தான் எவ்வளவு மாறினேன் எனக் காண்கின்றான். விளையாட்டுக்கு மீளுபவன் தன்னுள் மாறாதது ஒன்று இருப்பதைக் கையாற் காண்கின்றான்.

அதேவேளை, ஆட்டத்தின் ஏமாற்றம் நூலின் ஏமாற்றத்தினும் கடியது. நூலில் வளர்ந்தோர்க்கென்று ஒளித்துவைத்த பகுதிகள் இருக்கலாம். பாம்பு ஆட்டத்தில் ஒளித்துவைத்தது ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தின் பின் கையும் சலிக்கும். அன்றைய இன்பத்தின் பெரும்பகுதி ஆட்டத்தில் அன்று, அடுத்த முறைக்குக் காத்திருந்த தம்பியிடமும், "எனக்குத் தா, எனக்குத் தா" என்ற கூச்சலிடமும் இருந்தது. ஆதலின் தனியே அறையுள் இருந்து ஆடுவோர்க்கு அது மீளாது. பிள்ளையிடமோ உடன்பிறந்தாரிடமோ பெட்டியை மாறிமாறிக் கொடுத்து ஆடுவோர்க்கே அதிற் சிறிது மீளும். எம் கண்முன்னே தந்தையைத் தோற்கடித்த சிறுமியொருத்தி, "அப்பா, உங்களுக்கு இது சின்ன வயதிலும் இப்படித்தானா?" எனக் கேட்டாள். அவள் அடைந்த மகிழ்ச்சியை எந்தப் புதிய விளையாட்டும் தந்திராது.

இன்னுமொரு வேற்றுமை உண்டு. கறையான் அரிக்காத ஏடு முந்நூறாண்டு இருக்கும். வீடியோ விளையாட்டோ முப்பதாண்டில் ஊமையாகிவிடுகின்றது. பழைய ஆட்டப் பேழைகள் சிலவற்றில், ஆடுவோன் அடைந்த நிலையைக் காத்துவைக்க ஒரு சிறு பற்றரி உள்ளிருக்கும். அது வலுவிழந்ததும் சிறுவன் வென்ற இராச்சியங்கள் அனைத்தும் அழியும். பேழை பிழைத்தாலும் பெட்டி பழுதாகும். பெட்டி பிழைத்தாலும் பழைய தொலைக்காட்சிக் கருவி கிடையாது. 2023இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று செய்த ஆய்வில், அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 வீதம் இன்று விலைகொடுத்து வாங்குதற்கு இல்லை எனக் காணப்பட்டது. பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளை ஆர்வலர் ஆக்கியிராவிடின் மீளுதற்கு வழியே இராது. ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்த நம் முன்னோர் தொழிலையே அவரும் செய்கின்றனர்; உரிமைச் சட்டம் அவர்க்கு எப்பொழுதும் துணைநிற்பதில்லை.

நம் நூல்களைப் பொறுத்தவரை நிலை சற்று நன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் படியெடுத்து இணையத்தில் யாவர்க்கும் விலையின்றி வழங்குகின்றது. சூறாவளியிலும் போரிலும் இழந்த நூலை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் திறந்து முதற்பக்கத்தைக் கண்டோர் நம்மிடையே பலர். ஆயின், எவரோ ஒருவர் வீட்டில் ஒரு பிரதியேனும் எஞ்சியிருந்தால் அன்றோ படியெடுத்தல் இயலும்? இப்பழைய மாணவர் சங்கத்தார் முந்திய ஆண்டுமலர்களைத் தேடி வருகின்றனர். பரணிலோ பெட்டகத்திலோ அட்டையிழந்த மலர் ஒன்றாயினும், சிறுவயதுப் பாடநூல் ஒன்றாயினும் உடையோர், அதனைத் தூசு தட்டிச் சங்கச் செயலாளரிடம் இரு கிழமைக்கு இரவலாகத் தருவாராக. படியெடுத்தபின் பிரதி உரியவரிடமே மீளும். ஓரத்து மீசைகளை அழித்துத் தரவேண்டியதில்லை.